வாசகர் கூடிய காலத்தில் வருமானம் குறைந்தது ஏன்?

ஏறாவூர் முதல் கல்முனை வரை வாவியை அண்டி எத்தனை ஊர்களோ, அதைவிடக் கூடுதலான செய்தி இணையத்தளங்கள் என்று நம்மவர்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. அவற்றில் ஒன்றின் விளம்பரக் கணக்கைச் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "நாட்டில் பிரச்சினை கூடினால் செய்தி பார்க்கிற ஆக்களும் கூடுவாங்க, அப்ப உங்களுக்கு நல்ல உழைப்புத்தானே?"

2022 இதற்குப் பதில் சொல்லிவிட்டது. எங்கள் தளத்துக்கு ஆகக் கூடுதலான வாசகர்கள் வந்ததும், விளம்பரப் பணம் ஆகக் குறைவாக வந்ததும் அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரையான அதே மாதங்களில்தான். பெற்றோல் எங்கே வருகிறது, எரிவாயு எப்போது கிடைக்கும், மின்வெட்டு எத்தனை மணிக்கு என்று ஒரே ஆள் நாளைக்கு ஐந்தாறு தடவை வந்து பார்த்தார். பார்த்தவர்களால் எங்களுக்குச் சதம் சேரவில்லை.

ஊர்த் தளமொன்றுக்கு இரண்டு வழிகளில் பணம் வருகிறது. முதலாவது கடை விளம்பரம். புடவைக்கடை, நகைக்கடை, தளபாடக் கடை, ரியூஷன் வகுப்பு, உம்ரா முகவர் என்று நமக்குத் தெரிந்த முகங்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி, கையிலே வாங்கும் காசு. வாசகர் எண்ணிக்கையை எந்த முதலாளியும் கேட்பதில்லை. கல்லாவில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவர் முடிவெடுக்கிறார். கடை வாடகையை நிறுத்த முடியாது, வேலையாட்களின் சம்பளத்தை நிறுத்த முடியாது, மின்கட்டணமோ 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதத்தால் ஏறியது. யாரிடமும் சண்டை பிடிக்காமல் உடனே நிறுத்தக்கூடிய செலவு விளம்பரம் ஒன்றுதான்.

நமது பகுதிக் கடைகளுக்கு இது முதல் அடியும் அல்ல. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம் வியாபாரங்களைப் புறக்கணிக்கச் சொல்லி நடந்த பிரசாரம், அடுத்த வருடம் கொரோனா ஊரடங்கு, 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதித் தடை. 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதியே முடங்கியபோது, நோன்புப் பெருநாளுக்கு வழமையாக விளம்பரம் தரும் ஒரு முதலாளியிடம் போனேன். "தம்பி, விக்கிறதுக்குச் சாமான் இல்ல, எதுக்கு விளம்பரம்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. விளம்பரம் என்பது விற்பனையைக் கூட்டும் வழி என்றுதான் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. சாமானே வராத சந்தையைப் பற்றி அவை பேசுவதில்லை. அதே ஜூனில், நெருக்கடி காரணமாக இலங்கைக்குக் கிடைத்த 1,585 ஹஜ் இடங்களையும் அவ்வருடம் பயன்படுத்தப் போவதில்லை என்று ஹஜ் முகவர்களின் சங்கம் அறிவித்தபோது, பயண முகவர்களின் பக்கமும் அடைபட்டது.

இரண்டாவது வழி கூகுள் அட்சென்ஸ். தமிழ்ப் பக்கங்களுக்கு இது 2018 பெப்ரவரியில்தான் கிடைத்தது. இதில் விளம்பர இடம் ஒவ்வொரு தடவையும் ஏலத்தில் போகிறது. வாசகர் பக்கத்தைத் திறக்கும் அந்தக் கணத்தில் விளம்பரதாரர்கள் விலை கேட்கிறார்கள், கூடக் கேட்டவரின் விளம்பரம் தோன்றுகிறது. பொருளாதாரம் இறங்கினால் ஏலம் கேட்க வருவோர் குறைவர், விலையும் தானாகவே விழும். நாங்கள் எத்தனை செய்தி போட்டாலும் அந்த விலையை எங்களால் ஏற்ற முடியாது. விளங்குவதற்காக ஒரு கணக்கு: ஆயிரம் பார்வைக்கு ஒரு டொலர் என்றால், ஒரு இலட்சம் பார்வைக்கு 100 டொலர். விலை அரை டொலராகினால் அதே 100 டொலருக்கு இரண்டு இலட்சம் பார்வை வேண்டும். கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் கூகுள் பணம் அனுப்பும். ஆகவே சிறிய தளங்களுக்கு விலை வீழ்ச்சி என்பது பணம் குறைவாக வருவதாக மட்டும் இருப்பதில்லை, இரண்டு மாதத்துக்கொரு தடவை வந்தது நான்கு மாதத்துக்கொரு தடவையாகிவிடுகிறது.

வாசகர் எங்கே இருக்கிறார் என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. லண்டனிலோ டோஹாவிலோ திறக்கப்படும் பக்கத்துக்குக் கேட்கப்படும் விலை, ஓட்டமாவடியில் திறக்கப்படும் அதே பக்கத்துக்குக் கிடைப்பதில்லை. 2022இல் எங்களைத் தாங்கியவர்கள் வெளிநாட்டில் இருக்கும் நமது பிள்ளைகள்தான், அது அவர்களுக்கே தெரியாது. ஊரிலோ மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. போனில் சார்ஜ் இல்லாதவர் எதைத் திறப்பது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய விளம்பரதாரர்கள் தமது பொருளின் படம் கலவரம், ஆர்ப்பாட்டம், மரணம் பற்றிய செய்திக்குப் பக்கத்தில் வருவதை விரும்புவதில்லை. 2020இல் கொரோனா என்ற சொல் இருந்த பக்கங்களை அவர்கள் தவிர்த்தது பற்றி உலகின் பெரிய பத்திரிகைகளே முறையிட்டன. நாடே வரிசையில் நின்ற காலத்தில் எங்களிடம் இருந்த செய்தி முழுவதும் அந்த வகைதான்.

"டொலர் ஏறினதுதானே, உங்களுக்கு லாபம்" என்றும் சிலர் சொன்னார்கள். மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே நடுப்பகுதியில் 360 வரை போனது உண்மை. கையில் வந்த ரூபாத் தாள்கள் கூடின. தளத்தை வைத்திருக்கும் சேவர் வாடகையும் பெயருக்கான வருடக் கட்டணமும் டொலரில்தான் போகின்றன என்பதைச் சொன்னவர்கள் யோசிக்கவில்லை. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், அதே மாதம் தொலைபேசி, இணையக் கட்டணங்களும் 20 வீதத்தால் ஏறின. செய்தி எடுக்கப் போகும் பொடியனின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் கிடைத்தால்தான் செய்தியே.

இது நமது நாட்டுக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. 2008 நெருக்கடிக்கு அடுத்த வருடம் அமெரிக்காவின் இணைய விளம்பர வருமானம் 23.4 பில்லியன் டொலரிலிருந்து 22.7 பில்லியனாக இறங்கியது. 2020இன் இரண்டாம் காலாண்டில் கூகுளின் தாய் நிறுவனமான அல்பபெட், தனது வரலாற்றில் முதல் தடவையாக முந்திய வருடத்தைவிடக் குறைந்த வருமானத்தைக் காட்டியது. அவர்களுக்கு அது ஒரு காலாண்டுக் கதை. ஊர்த் தளத்துக்கு ஒரு காலாண்டு என்பது மூடுவதா விடுவதா என்ற கேள்வி.

மூடாமல் இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெற்றிடத்தை நிரப்ப வந்தவர்கள் அரசியல்வாதிகளும் அவர்களுக்கு வேண்டியவர்களும். பெருநாள் வாழ்த்து, பாராட்டு, அபிவிருத்திப் பணிகளின் படம். கடைக்காரர் விளம்பரம் தந்தால் தனது கடையைப் பற்றி மட்டும்தான் கவலைப்படுவார். அரசியல்வாதியின் பணம் வந்த பிறகு வடிகான் செய்தியைப் போடும்போது கை தயங்கும். அந்தப் பணமும் நிலையானதல்ல. 2023 மார்ச் 9இல் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல், நிதியில்லை என்று பின்போடப்பட்டு 2025 மே 6இல்தான் நடந்தது. தேர்தல் விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கியவர்கள் இரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

எங்கள் தளத்தில் 2023இலிருந்து ஒரு மாற்றம் செய்தோம். பெரிய கடைகளிடம் மாதாமாதம் அலைவதை விட்டு, தையல்காரர், கேக் செய்யும் சகோதரிகள், போன் திருத்துபவர், மருதமுனைக் கைத்தறிச் சாறன் விற்பவர் போன்ற சிறியவர்களிடம் வருடத்துக்கொரு சிறு தொகை வாங்குகிறோம். ஒருவர் விலகினால் முப்பதில் ஒன்றுதான் குறைகிறது. முகநூலில் விளம்பரம் தள்ளுவதைவிட, இவர்களில் பலருக்கு எங்களுடைய விலை இன்னும் மலிவு. இது பணக்காரனாக்கும் வழியில்லை. சேவர் வாடகைக்கும் ஒரு செய்தியாளரின் கைச்செலவுக்கும் காணும்.

அரசியல் விளம்பரத்தை முற்றாக மறுக்கவில்லை, மறுக்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் காசு கட்டியவரின் பெயரை விளம்பரத்தின் கீழே போடுகிறோம். பெயர் போடவேண்டாம் என்பவர்கள் வேறு தளங்களுக்குப் போகிறார்கள்.