ஓடும் படத்தைப் பிடித்து வைத்த கதை

இணையத்தில் ஒரு வீடியோவைப் பார்க்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் படம், துண்டு துண்டாகப் பார்ப்பவரின் கணினிக்கு வந்து சேருகிறது. கணினி அந்தத் துண்டுகளைச் சற்று நேரம் நினைவகத்தில் சேர்த்து வைத்து, வரிசையாகத் திரையில் காட்டிவிட்டு, பிறகு அழித்துவிடுகிறது. ஆக, படம் முழுவதும் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டுத்தான் மறைகிறது. வந்ததை அழிக்காமல் வன்தட்டில் வைத்துக்கொண்டு, இணைப்பு இல்லாதபோது பார்த்தால் என்ன? கேட்பதற்குச் சாதாரணமான கேள்விதான். ஆனால் 1999-ல் தொடங்கி இந்தக் கேள்வி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலமுறை நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது.

பீட்டாமேக்ஸ் போட்ட அடித்தளம்

இணையத்துக்கு முன்பே இந்தச் சண்டை ஒருமுறை நடந்து முடிந்திருந்தது. 1975-ல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ ரெக்கார்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியை நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம். யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. 1976-ல் சோனி மீது வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வீட்டில் இருப்பவர் தனக்கு வசதியான நேரத்தில் பார்ப்பதற்காக ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வைப்பது நியாயமான பயன்பாடே என்பது தீர்ப்பின் சாரம். ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் வீடியோ ரெக்கார்டரின் கதையே வேறாகியிருக்கும்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிந்து வைத்தவர் அந்த நகலை என்ன செய்கிறார் என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது. அடுத்து வந்த வழக்குகளில் இந்தப் பார்வை மாறிப்போனது.

வந்து மறையும் படம்

1995-ல் ப்ராக்ரஸிவ் நெட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ரியல்ஆடியோவை வெளியிட்டது. தொலைபேசிக் கம்பியில் மோடம் வைத்து இணையத்தைப் பயன்படுத்திய காலம் அது. ஐந்து நிமிட ஒலிக்கோப்பு முழுதாக வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விடும். முழுதும் வரக் காத்திருக்காமல், வர வரக் கேட்கலாம் என்பதே ரியல்ஆடியோவின் புதுமை. அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று சியாட்டில் மரைனர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகள் மோதிய பேஸ்பால் ஆட்டத்தின் வானொலி வர்ணனை இவ்வாறு இணையத்தில் ஒலித்தது. 1997-ல் ரியல்வீடியோ வந்தது. நிறுவனமும் ரியல்நெட்வொர்க்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இப்படி வரும் படத்தைச் சேமிக்க நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். சுட்டியைச் சேமித்தால் கையில் கிடைப்பது சில பைட் அளவுள்ள ஒரு குட்டிக் கோப்பு. திறந்து பார்த்தால் உள்ளே படம் இருக்காது. படம் இருக்கும் சர்வரின் முகவரி மட்டும்தான் இருக்கும்!

இந்தக் குறையைத் தீர்க்க வந்தது ஸ்ட்ரீம்பாக்ஸ் விசிஆர் என்ற மென்பொருள். ரியல்நெட்வொர்க்ஸின் சர்வர், படத்தை அனுப்பும் முன் எதிரே இருப்பது தன்னுடைய ரியல்பிளேயர்தானா என்று சோதிக்கும். இதற்கு 'இரகசியக் கைகுலுக்கல்' என்று பெயர். அத்துடன், பார்ப்பவர் நகல் எடுக்கலாமா கூடாதா என்று படத்தின் உரிமையாளர் குறித்து வைக்கும் 'நகல் சுவிட்ச்' ஒன்றும் இருந்தது. ஸ்ட்ரீம்பாக்ஸ் விசிஆர், ரியல்பிளேயரைப் போலவே வேடமிட்டுக் கைகுலுக்கி, சுவிட்சைக் கண்டுகொள்ளாமல் படத்தை வன்தட்டில் இறக்கிவிடும்.

1999 டிசம்பரில் ரியல்நெட்வொர்க்ஸ் வழக்குத் தொடுத்தது. ஸ்ட்ரீம்பாக்ஸ் தரப்பு பீட்டாமேக்ஸ் தீர்ப்பைத் தூக்கிக் காட்டியது. தங்களுடையதும் வீடியோ ரெக்கார்டர்தான், பெயரிலேயே விசிஆர் இருக்கிறதே! ஆனால் இடையில் 1998-ல் டிஎம்சிஏ என்ற புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்துவிட்டது. மின்னணுப் பூட்டை உடைக்கும் கருவியை விற்பதே குற்றம் என்றது அந்தச் சட்டம். பீட்டாமேக்ஸில் பூட்டு எதுவும் இல்லை, இங்கே இருக்கிறது என்று சொல்லி, 2000 ஜனவரி 18 அன்று நீதிமன்றம் அந்த மென்பொருளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பீட்டாமேக்ஸ் தீர்ப்பு வந்து சரியாக 16 ஆண்டுகளும் ஒரு நாளும் ஆகியிருந்தன. நகலை என்ன செய்கிறாய் என்ற கேள்வி போய், எந்தப் பூட்டைத் திறந்தாய் என்ற கேள்வி வந்துவிட்டது.

யூடியூப் வந்த பிறகு

2005-ல் யூடியூப் தொடங்கியபோது நிலைமை தலைகீழானது. அது கைகுலுக்கல் எதையும் கேட்கவில்லை. சாதாரண இணையப் பக்கம் வருவதுபோலவே வீடியோவும் எஃப்எல்வி என்ற கோப்பாக வந்தது. பார்த்து முடித்ததும் உலாவியின் தற்காலிகக் கோப்புறையில் போய்த் தேடினால், முழு வீடியோவும் அங்கேயே கிடக்கும். அதை வேறு இடத்துக்கு நகலெடுத்து, எஃப்எல்வியைத் திறக்கத் தெரிந்த ஒரு பிளேயரில் போட்டால் போதும். இந்த வேலையை எளிதாக்கப் பல இணையத்தளங்களும் உலாவி நீட்சிகளும் வந்தன. 2006-ல் யூடியூப்-டிஎல் என்ற சிறிய கட்டற்ற மென்பொருளும் பிறந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2007-ல் வெளியான ரியல்பிளேயர் 11, இணைய வீடியோக்களைத் தரவிறக்கும் பொத்தானோடு வந்தது! பூட்டில்லாத வீடியோக்களுக்கு மட்டும் என்பது நிபந்தனை. ஆனாலும் ஏழு ஆண்டுகளுக்கு முன் தரவிறக்கும் மென்பொருளுக்குத் தடை வாங்கிய அதே நிறுவனம்தான் இது.

ஏன் சேமிக்க வேண்டும்?

எப்போது வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாமே, ஏன் சேமிக்க வேண்டும் என்று கேட்கலாம். அதே 2007-லேயே ஒரு பதில் கிடைத்தது. கூகுள் வீடியோ தளத்தில் பணம் கட்டி வாங்கிய படங்கள் ஆகஸ்ட் 15-க்குப் பிறகு ஓடாது என்று கூகுள் அறிவித்தது. படக்கோப்பு வாங்கியவரிடமே இருந்தாலும், அதைத் திறக்கும் அனுமதி கூகுளின் சர்வரிலிருந்து வர வேண்டும். முதலில் கூகுள் தன் செக்அவுட் சேவையில் மட்டும் செலவழிக்கக்கூடிய தொகையைத் தந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே பணத்தை முழுதாகத் திருப்பித் தந்தது. 2011-ல் அந்தத் தளத்தில் மக்கள் ஏற்றிய வீடியோக்களுக்கும் முடிவு நாள் குறிக்கப்பட்டபோது, ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு அவற்றைத் தரவிறக்கிக் காப்பாற்றும் வேலையில் இறங்கியது.

இன்னொரு பதில் இதைவிடக் கனமானது. 2017 ஆகஸ்டில், லிபியாவில் 33 பேரைக் கொன்றதாக மஹ்மூத் அல்-வெர்ஃபல்லி என்ற தளபதிக்கு எதிராகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. சமூக ஊடகங்களில் வெளிவந்த வீடியோக்களே அதற்கு முக்கிய ஆதாரம். அதே மாதத்தில், தீவிரவாத வீடியோக்களைக் கண்டுபிடிக்க யூடியூப் ஏவிய தானியங்கி முறை, சிரியப் போரை ஆவணப்படுத்திய ஆயிரக்கணக்கான வீடியோக்களையும் சேர்த்து நீக்கிவிட்டது. சில பின்னர் திரும்பி வந்தன. சிரியன் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகள் முன்கூட்டியே தரவிறக்கி வைத்திருந்தவை தப்பின. எடுத்தவர் இறந்துபோயிருந்தால், கணக்கு மூடப்பட்டிருந்தால், மூலத்தை மீண்டும் யாரிடம் போய்க் கேட்பது?

மறுபக்கமும் உண்டு. விளம்பர வருமானத்தை நம்பிப் படம் எடுப்பவருக்கு, தரவிறக்கிப் பார்ப்பவரால் காசு வருவதில்லை. தன் அனுமதியின்றித் தரவிறக்கக் கூடாது என்று யூடியூப் விதிகளும் சொல்கின்றன. பாடல் நிறுவனங்களின் கோபத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை.

இரவல் நகல்

வீடியோ நிறுவனங்கள் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தன. 2014 டிசம்பரில் யூடியூப் தன் கைப்பேசிச் செயலியில், இணைப்பு இல்லாமல் பார்க்கும் வசதியை இந்தியாவில் தந்தது. டேட்டா விலை அதிகம், இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகும் என்பதால் இங்கே அதற்குத் தேவை இருந்தது. ஆனால் சேமித்த வீடியோ அப்போது 48 மணி நேரம்தான் ஓடியது. நெட்ஃபிளிக்ஸும் 2016 நவம்பரில் தரவிறக்கும் வசதியைக் கொடுத்தது. அங்கும் படத்துக்குக் கெடு உண்டு, செயலிக்கு வெளியே எடுக்கவும் முடியாது. நூலகத்திலிருந்து எடுத்துவரும் புத்தகம் போல இது. வீட்டில் இருக்கும், ஆனால் வீட்டுக்குச் சொந்தமில்லை.

2020 அக்டோபர் 23 அன்று அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ, டிஎம்சிஏ சட்டத்தைக் காட்டி, யூடியூப்-டிஎல் மென்பொருளை நீக்கும்படி கிட்ஹப் தளத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. கிட்ஹப் நீக்கியது. ஈஎஃப்எஃப் என்ற உரிமை அமைப்பு மென்பொருளுக்காக வாதாடியது. எந்த உலாவிக்கும் யூடியூப் அனுப்பும் அதே நிரலைத்தான் இந்த மென்பொருளும் படிக்கிறது, பூட்டு எதையும் உடைக்கவில்லை என்பது அதன் வாதம். நவம்பர் 16 அன்று மென்பொருள் திரும்பி வந்தது. இதுபோன்ற நோட்டீஸ்களைச் சந்திக்கும் நிரலாளர்களுக்காகக் கிட்ஹப் 10 லட்சம் டாலர் நிதியும் ஒதுக்கியது. ஆனால் 2023-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. அந்த மென்பொருளின் இணையத்தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்தையே பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது.

1984-ல் ஒரு வீட்டில் பதிந்த நாடாவை எப்போது போட்டுப் பார்ப்பது, எப்போது அழிப்பது என்பதை அந்த வீட்டுக்காரர் தீர்மானித்தார். 2014-ல் 48 மணி நேரம் என்று யூடியூப் தீர்மானித்தது. இந்த முப்பது ஆண்டுகளில் படத்தின் தரமும் வேகமும் எவ்வளவோ உயர்ந்துவிட்டன. நகல் மட்டும் பார்ப்பவரின் கையை விட்டுப் போய்விட்டது. பொழுதுபோக்குப் படம் என்றால் போகட்டும் என்று விடலாம். ஒரு கொலைக்குச் சாட்சியாக நிற்கும் வீடியோவுக்கு யார் கெடு வைப்பது?