விருந்து ஆர்டருக்குப் பெரிய புகை அடுப்பு: செங்கல்லில் நாமே கட்டும் முறை

நாட்டுக்கோழி, வெள்ளாடு, பன்றி வளர்க்கும் விவசாயிகள் உயிர் எடைக்கு விற்பதோடு நிற்காமல், சமைத்துக் கொடுத்தும் வருமானம் பார்க்கலாம். விருந்து ஆர்டர் எடுப்பவர்கள் இப்போது பிரியாணி, வறுவலோடு புகையில் வேகவைத்த இறைச்சியையும் பட்டியலில் சேர்க்கிறார்கள். இதற்கான ஸ்மோக்கர் எனப்படும் புகை அடுப்பை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஊர்க் கொத்தனார், வெல்டிங் பட்டறை உதவியோடு தோட்டத்திலேயே கட்டிவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். புகை சுவைக்காக, கிருமியைக் கொல்வது வெப்பம். புகை பட்டுவிட்டது என்பதால் இறைச்சி கெடாமல் இருக்காது. இது உப்புக்கண்டம் போல நாள்கணக்கில் வைத்துச் சாப்பிடும் பொருள் அல்ல. எனவே வெப்பத்தை நம் கட்டுப்பாட்டில் வைக்கும்படி அடுப்பை அமைப்பதே முக்கியம்.

அடுப்பின் அமைப்பு

விறகு எரியும் அறையும் இறைச்சி வேகும் அறையும் தனித்தனியாக, பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். தீக்கு நேர் மேலே இறைச்சியைத் தொங்கவிட்டால் கொழுப்பு தீயில் சொட்டிக் கரும்புகை எழும். அந்தப் புகையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் சேர்கின்றன, இறைச்சியும் கசக்கும்.

எரி அறையின் கொள்ளளவு இறைச்சி அறையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் வெப்பம் போதும். சுமார் 20 கோழி ஒரே நேரத்தில் வேகும் அடுப்புக்கான உள் அளவுகள்:

- இறைச்சி அறை: அகலம் 3 அடி, ஆழம் 2 அடி, உயரம் 4 அடி (24 கன அடி)
- எரி அறை: நீளம், அகலம், உயரம் தலா 2 அடி (8 கன அடி)
- இரண்டு அறைகளுக்கும் இடையிலான வழி: அகலம் 12 அங்குலம், உயரம் 9 அங்குலம்
- காற்று நுழையும் துளைகள்: 4க்கு 5 அங்குலத்தில் 2
- புகைபோக்கி: 6 அங்குல விட்டம், 3 அடி உயரம்

இடம் தேர்வு

வைக்கோல் போர், கூரை வீடு, மாட்டுத் தொழுவம் இவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, திறந்த வெளியில் கட்ட வேண்டும். நான்கு பக்கமும் மூடிய கொட்டகைக்குள் வைத்தால் வேலை செய்பவருக்குப் புகை மூச்சு முட்டும், விஷவாயுவும் தேங்கும். மழைக்குக் கூரை வேண்டுமென்றால் உயரமாகத் தகரம் போடலாம். கீற்று வேண்டாம்.

கட்டும் முறை

1. தரையைக் கெட்டித்து 4 அங்குல கான்கிரீட் தளம் போடவும்.

2. எரி அறையின் தரை, தளத்திலிருந்து அரை அடி உயரத்திலும், இறைச்சி அறையின் தரை ஒன்றரை அடி உயரத்திலும் இருக்க வேண்டும். தீ தாழ்வாக இருந்தால்தான் வெப்பமும் புகையும் தானாக மேலேறி இறைச்சி அறைக்குள் போகும். இடைவழி இறைச்சி அறையின் தரை மட்டத்தில் தொடங்க வேண்டும்.

3. வெளிச்சுவர்களை 9 அங்குல கனத்தில் சாதாரணச் செங்கல்லில் கட்டலாம். அடித்தளச் சுவர் உட்பட சுமார் 800 கல் தேவைப்படும். எரி அறையின் உட்புறத்துக்கு மட்டும் சூளைகளில் பயன்படும் தீச்செங்கல் வைக்கவும். சுமார் 60 போதும். வெறும் சிமென்ட் கலவை சூட்டில் வெடித்து உதிரும் என்பதால், எரி அறைக்குத் தீச்செங்கல்லோடு விற்கும் களிமண் கலவையையே பூச வேண்டும்.

4. எரி அறையின் மேல்மூடிக்கு 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, இறைச்சி அறையின் மேல் 3 அங்குல கான்கிரீட் பலகை. புகைபோக்கியை எரி அறைக்கு எதிர்ப்புற மூலையில், மேற்பலகையில் பொருத்தவும். அதற்குள் திருப்பி மூடும் தகடு இருக்கட்டும்.

5. இறைச்சி அறையின் தரையிலிருந்து 10 அங்குல உயரத்தில், இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி இரும்புத் தகட்டைப் படுக்கையாக வைக்கவும். சுற்றிலும் 3 அங்குல இடைவெளி கிடைக்கும். உள்ளே வரும் சூடு ஒரே இடத்தில் தாக்காமல் பரவுவதற்கு இதுதான் வழி. இதன் மேல் கொழுப்பு சொட்டும் தட்டை வைத்துவிடலாம்.

6. வலைத்தட்டுகள் 4. முதல் தட்டு தரையிலிருந்து 15 அங்குலத்தில். மற்றவை 9 அங்குல இடைவெளியில். தட்டுகளை எவர்சில்வர் கம்பியில் செய்யவும்.

7. முன்பக்கக் கதவு முழு அகலத்துக்கும் திறந்தால்தான் தட்டை வெளியே இழுக்க முடியும். கதவின் கீழும் மேலும் ஒவ்வொரு முள் வெப்பமானி பொருத்தவும்.

இவை வேண்டவே வேண்டாம்

- ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. வலை: அதிக சூட்டில் துத்தநாகப் புகை வரும். விலை குறைவு என்று வாங்க வேண்டாம்.
- பூச்சிமருந்து, பெயின்ட், ரசாயனம் இருந்த டிரம்: எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு ஆகாது.
- பழைய கேஸ் சிலிண்டர்: உள்ளே தங்கிய வாயு வெட்டும்போது வெடிக்கும். வீட்டுச் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து என்பதால் அதை வெட்டுவது சட்டப்படியும் குற்றம்.

அடுப்பைப் பழக்குதல்

கட்டி முடித்ததும் 3 வாரம் காய விடவும். பிறகு முதல் நாள் சிறு தீ, அடுத்த நாள் கொஞ்சம் கூடுதல் என ஒரு வாரம் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். ஈரத்தோடு பெருந்தீ வைத்தால் சுவர் பிளக்கும்.

அடுத்து நான்கு தட்டிலும் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். எங்கே சீக்கிரம் கருகுகிறதோ அங்கே சூடு அதிகம். கீழ்த்தகட்டைச் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும்.

விறகு

கொய்யா, மா, புளி ஏற்றவை. நம் ஊர்த் தரிசுகளை ஆக்கிரமித்துள்ள சீமைக்கருவேலம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் புகை இறைச்சிக்குப் பெயர்பெற்ற மெஸ்கீட் மரத்தின் நெருங்கிய இனம். இதன் புகை காரமானது, சூடும் அதிகம். எனவே தனியாக எரித்துக் கங்காக்கிய பிறகு எரி அறையில் இடுவது நல்லது.

எந்த விறகானாலும் வெட்டி 6 மாதம் காய்ந்திருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், அரளி, எருக்கு, கள்ளிக் குச்சிகள் கூடாது. பற்றவைக்க மண்ணெண்ணெய், பிளாஸ்டிக் கூடாது.

புகைபோக்கியில் வருவது மெல்லிய நீலப்புகையாக இருந்தால் தீ சரியாக எரிகிறது. அடர்ந்த வெள்ளைப்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது விறகு ஈரம். அது தெளியும்வரை இறைச்சியை உள்ளே வைக்க வேண்டாம். வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் காற்றுத் துளைகளைப் பயன்படுத்தவும். புகைபோக்கியை முழுதாக மூடினால் புகை தேங்கி இறைச்சி கசக்கும்.

வேகவைக்கும் முறை

10 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் உப்பு கரைத்து, அதில் இறைச்சியை ஓர் இரவு ஊறவிடலாம். இதை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் குளிர்பெட்டியில்தான் செய்ய வேண்டும்.

இறைச்சி ஏற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தீ மூட்டி, அறை 120 டிகிரிக்கு வந்தபின் ஏற்றவும். முதுகெலும்பு நீக்கி விரித்த கோழிக்கு ஒரு சதுர அடி வீதம் இடம் விட்டால் தட்டுக்கு 5 கோழி பிடிக்கும். முழுச் சுமையில் 3 முதல் 4 மணி நேரம் ஆகும். வயதான நாட்டுக்கோழிக்கு இன்னும் நேரம் வேண்டும். ஆட்டின் முன்சப்பை எலும்பிலிருந்து பிரியும் பதத்துக்கு 6 மணி நேரமும் எடுக்கலாம்.

நிறத்தைப் பார்த்து வெந்ததாக முடிவு செய்யக் கூடாது. புகையில் மேல்தோல் சீக்கிரம் சிவந்துவிடும். உள்ளே பச்சையாக இருக்கலாம். குத்திப் பார்க்கும் வெப்பமானியை எலும்பில் படாமல் கனமான பகுதியில் செருகிப் பார்க்கவும். கோழிக்கு 75 டிகிரி கட்டாயம். ஆட்டுச்சப்பை மிருதுவாக வேண்டுமானால் 90 டிகிரி வரை போகலாம்.

பந்திக்குக் கொண்டு செல்லும்போது

5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அடுப்பிலிருந்து எடுத்த இறைச்சியை மூடிய சூடு தாங்கும் பெட்டியில் 60 டிகிரிக்கு மேல் வைத்துப் பரிமாறவும். சூடு காக்க வசதி இல்லையென்றால் 2 மணி நேரத்துக்குள், கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும். பச்சை இறைச்சி வைத்த பாத்திரம், கத்தி, பலகையில் வெந்ததை வைக்கக் கூடாது.

உரிமமும் கணக்கும்

சமைத்து விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு அல்லது உரிமம் தேவை. எது என்பது ஆண்டு விற்றுமுதலைப் பொறுத்தது. விவரத்தை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

விலை சொல்லும் முன் முழுச் சுமையில் இரண்டு சோதனை ஓட்டம் நடத்துங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் இறைச்சியை எடை போடுங்கள். வேகும்போது நீரும் கொழுப்பும் வெளியேறி எடை கணிசமாகக் குறையும். பச்சை எடைக்கு விலை போட்டால் அந்தக் குறைவு நம் கையைக் கடிக்கும். செலவான விறகையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே முதல் ஆர்டருக்குக் கை நீட்டுங்கள்.