ஒக்டோபர் மாதத்துக் கோடுகள்

நேயர்களே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒக்டோபர் மாதங்களில் நடந்த முக்கிய சம்பவங்கள் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் தமிழ் படிப்பிப்பவன். சரித்திரம் என் பாடமன்று. ஆனால் சரித்திரத்தை விட்டுவிட்டு இலக்கியம் படிப்பிக்க இயலாது என்பதை வகுப்பறையில் தினமும் உணர்கிறவன்.

உலக சரித்திர நூல்களில் ஒக்டோபர் என்றதும் முன்னால் வந்து நிற்பவை யுத்தங்களே. 1805 ஒக்டோபர் 21 இல் திரபல்கார் கடற்போர். அதில் வென்ற நெல்சன் அன்றே மாண்டார். 1813 ஒக்டோபர் 16 முதல் 19 வரை லைப்சிக் நகரில் நெப்போலியனின் பெருந்தோல்வி. 1815 ஒக்டோபரில் அதே நெப்போலியன் கைதியாகச் சென் ஹெலனா தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் கண்டி இராச்சியமும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிரான்சின் சக்கரவர்த்தி ஒரு தீவுக்குக் கைதியாக வந்து சேர, கண்டியின் கடைசி மன்னர் ஒரு தீவிலிருந்து கைதியாக வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிடவில்லை. ஆனால் இரண்டையும் நடத்தியது ஒரே பேரரசு.

இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. நான் சொல்ல விரும்புவது சத்தமில்லாமல் நடந்த சில காரியங்களை. அவை காகிதத்தில் கோடு இழுத்த காரியங்கள்.

1818 ஒக்டோபர் 20 ஆம் திகதி இலண்டனில் பிரித்தானியாவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ரொக்கி மலைகள் வரை, 49 ஆம் அகலக்கோடே எல்லை என்று தீர்மானித்தார்கள். ஆறும் மலையும் பார்த்து வைத்த எல்லையல்ல அது. பூகோளப் படத்தில் அடிமட்டம் வைத்து இழுத்தது. அங்கே காட்டெருமையின் பின்னால் அலைந்து வாழ்ந்த பிளாக்ஃபுட் மக்களுக்கு அப்படியொரு கோடு இருப்பதே அன்று தெரியாது. இன்று அவர்களில் ஒரு பகுதியினர் கனடாவின் அல்பேர்ட்டாவிலும் மறு பகுதியினர் அமெரிக்காவின் மொன்டானாவிலும் இருக்கிறார்கள்.

1867 ஒக்டோபர் 18 இல் ரஷ்யா அலாஸ்காவை 72 இலட்சம் டொலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. சித்கா என்ற ஊரில் ஒரு கொடி இறங்கி மறு கொடி ஏறியது. அங்கே ஒரு வேடிக்கையும் நடந்தது. ரஷ்யரின் பழைய நாட்காட்டியும் திகதிக் கோடும் மாறியபடியால், ஒக்டோபர் 6 வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் ஒக்டோபர் 18 வெள்ளிக்கிழமை வந்தது. அடுத்தடுத்து இரண்டு வெள்ளி! நம்மூரில் அப்படி நடந்திருந்தால் பள்ளிவாசலில் ஜும்ஆ ஒன்றா இரண்டா என்று பெரிய விவாதமே நடந்திருக்கும். காலங்காலமாக அந்த மண்ணில் இருந்த திலிங்கித் மக்களிடம், நிலத்தை விற்கலாமா என்று விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருவோம்.

நிந்தவூரில் கிழக்கே கடல், மேற்கே வயல். அந்த வயல்களையும் அப்பாலுள்ள காடுகளையும் தாண்டி மேற்கே நடந்தால் வெல்லஸ்ஸ வரும். அதற்கு மேலே ஊவா மலைகள். லொறியும் தார்வீதியும் இல்லாத காலத்தில் இந்தக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் புடைவையும் பொதிமாடுகளின் முதுகில் மேலே போயின. பாக்கும் தேனும் மெழுகும் கீழே வந்தன. அந்தப் பொதிமாட்டு வரிசைக்குத் தவளம் என்று பெயர். தவளம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கண்டி மன்னர்களின் ஆட்சியில் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே’ என்று ஒரு பிரிவு இருந்தது. முஸ்லிம்கள் அதில் இராஜகாரியம் செய்தார்கள்.

1817 இல் ஆங்கிலேயர் இந்த நூலைத்தான் தவறாக இழுத்தார்கள். தேசாதிபதி பிரௌன்றிக்கின் ஆட்சியில், தங்களுக்கு உதவிய ஹாஜி மரைக்கார் என்பவரை வெல்லஸ்ஸயில் மடிகே முஹாந்திரமாக நியமித்தார்கள். அது அங்கே பரம்பரையாக அதிகாரம் செலுத்திய பிரதானிகளின் உரிமையில் கை வைப்பதாக இருந்தது. செப்டெம்பரில் ஹாஜி பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் பதுளையிலிருந்து போன வில்சன் என்ற அதிகாரியும் அம்பு பட்டு இறந்தார். ஒக்டோபர் வந்தபோது ஊவா பற்றியெரிந்தது.

அந்தக் கிளர்ச்சிக்காரர் அரசனாக முன்னிறுத்தியவர் வில்பாவ என்பவர். முன்னர் பௌத்த துறவியாக இருந்தவர். அவர் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டார் தெரியுமா? நாயக்க வம்சத்து இளவரசன் துரைசாமி என்று. சிங்களக் குடியானவர்கள் தமிழ்ப் பெயர் தாங்கிய ஓர் அரசனைத் தேடினார்கள். முஸ்லிம் அதிகாரி ஒருவரின் நியமனத்தால் போர் மூண்டது. அதை அடக்க ஆங்கிலேயர் சென்னையிலிருந்தும் படை கொண்டுவந்தார்கள். இதை ஓர் இனத்தின் போர் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஹாஜி மரைக்காரைத் துரோகி என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் கிளர்ச்சியின் தலைவரான மொனரவில கெப்பெட்டிப்பொலவும் ஆங்கிலேயரின் கீழ் ஊவா திசாவையாகப் பதவி வகித்தவர்தான். கிளர்ச்சியை அடக்கவென்று அனுப்பப்பட்டு, ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பியனுப்பிவிட்டு மறுபக்கம் சேர்ந்தவர் அவர். அது பெரிய மனசு. அதில் எனக்கு ஐயமில்லை. அதற்காக மற்றவரின் பதவியை ஒரு சமூகம் முழுவதன் குற்றமாக்குவதை ஒப்புக்கொள்ள முடியாது. ஒருவனை எடுத்து மற்றவன் தலையில் வைத்த தேசாதிபதியின் கணக்கை ஏன் யாரும் கேட்பதில்லை?

அந்தக் கணக்கைக் கட்டியவர்கள் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள். வீடுகள் எரிக்கப்பட்டன, நெல் அழிக்கப்பட்டது, மாடுகள் கொல்லப்பட்டன, காய்க்கிற மரங்கள் வெட்டப்பட்டன. இலட்சம் வயல் என்று பெயர் பெற்ற வெல்லஸ்ஸ காடாய்ப் போயிற்று. 1818 ஒக்டோபர் 28 இல் கெப்பெட்டிப்பொல பிடிபட்டார். இலண்டனில் 49 ஆம் பாகைக் கோடு இழுத்து எட்டு நாட்களே ஆகியிருந்தன. நவம்பர் 26 இல் கண்டியில் அவருடைய தலை வெட்டப்பட்டது. ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ வைத்தியர் அவருடைய மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். அது நாடு திரும்பியது 1954 இல்.

இப்படி ஒரு கிளர்ச்சி இனி எழக்கூடாது என்ற எண்ணம் ஆட்சியாளரின் மனத்தில் தங்கிவிட்டது. 1829 இல் வந்த கோல்புறூக், அடுத்த ஆண்டு வந்த கமரன் ஆகியோரின் ஆணைக்குழு அறிக்கையில் செலவைக் குறைக்கும் நோக்கமும் இருந்தது. கண்டி என்ற தனி உணர்வைக் கரைத்துவிடும் நோக்கமும் இருந்தது. அதன் பயனாக 1833 ஒக்டோபர் 1 ஆம் திகதி, வில்மட் ஹோட்டன் தேசாதிபதியாக இருந்தபோது, இலங்கை ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி. மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய கரைநாடுகளோடு தமன்கடுவையும் கண்டிக்குரிய விந்தனையும் சேர்ந்து கிழக்கு மாகாணம் ஆயிற்று.

நம்முடைய ‘கிழக்கு’ அன்று பிறந்தது. அதற்கு முன் இந்தக் கரையில் மக்கள் பேசியது பற்றுகளைத்தான்: நிந்தவூர்ப் பற்று, கரைவாகுப் பற்று, சம்மாந்துறைப் பற்று, அக்கரைப் பற்று. நிலப்பிரிவுக்குப் பற்று என்று பெயர் வைத்த மக்கள், மனசில் ஒட்டியிருப்பதற்கும் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள். தமிழ் வாத்தியாருக்கு இதைச் சொல்லாமல் இருக்க வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெல்லஸ்ஸ எங்கே போனது? நம்முடைய தவளம் போய்வந்த வெல்லஸ்ஸ, காலியைத் தலைநகராகக் கொண்ட தென் மாகாணத்தில் வைக்கப்பட்டது! அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவிய யாழ்ப்பாணத்தின் கீழ் வந்தது. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோடுகள் நிலைக்கவில்லை. 1845, 1873, 1886, 1889 என்று மேலும் மேலும் வெட்டி, ஐந்து ஒன்பதாயிற்று. 1873 இல் தமன்கடுவை வடமத்திக்குப் போனது. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி 1961 இல் அம்பாறை மாவட்டமானதை நம் மூத்தவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு நடந்தது நமக்கெல்லாம் தெரியும். 1988 செப்டெம்பரில் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. இணைந்தே இருப்பதா என்று கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்பது ஏற்பாடு. அது தள்ளிப்போடப்பட்டுத் தள்ளிப்போடப்பட்டு நடக்காமலே போயிற்று. 2006 ஒக்டோபர் 16 இல் – மறுபடியும் ஒக்டோபர் – அந்த இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. இணைந்தது சரியென்பாரும் பிரிந்தது சரியென்பாரும் நம்மிடையே உண்டு. காரைதீவில் ஒரு பதிலும் நிந்தவூரில் வேறு பதிலும் கிடைக்கலாம். இரண்டு ஊருக்கும் நடுவில் சில நிமிடச் சைக்கிள் ஓட்டம். 1833 இல் இந்த மக்களைக் கேட்கவில்லை. 1988 இலும் கேட்கவில்லை. 2006 இலும் கேட்கவில்லை. ஒரு பதில் வேண்டுமென்று கேட்டிருந்தால், ஒருவர் பதிலை மற்றவர் காதால் கேட்கும் வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

2007 ஜனவரி முதல் கிழக்கு தனி மாகாணமாக இயங்குகிறது, தலைமையகம் திருகோணமலை. 1833 இல் முதலாவது அரசாங்க அதிபர் இருந்ததும் அங்கேதான். மட்டக்களப்புக்கு அது மாறியது பின்னர். இன்றைக்கும் நிந்தவூர் ஆசிரியர் ஒருவர் தன் இடமாற்றக் கடிதத்தோடு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குப் போகவேண்டுமென்றால், விடியப்புறம் எழும்பி, கல்முனை, மட்டக்களப்பு, வெருகல் தாண்டித் திருகோணமலைக்குத்தான் பஸ் ஏறுகிறார். மாவட்டச் செயலகத்தில் ஒரு காரியமென்றால் எதிர்ப்பக்கமாக அம்பாறைக்கு.