சட்ட நுழைவுத் தேர்வுத் தயாரிப்பில் பின்னடைவு: பிள்ளைகளும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு தந்தை நம்மை நிறுத்தினார். "ஹஜ்ரத், பொண்ணு வக்கீலுக்குப் படிக்கணும்னு கிளாட் பரீட்சைக்கு ஆறு மாசமா தயார் பண்றா. மாதிரிப் பரீட்சையில மார்க் ஏறவே மாட்டேங்குது. போன வாரம் இன்னும் இறங்கிடுச்சு. நஸீப்ல இல்லைன்னு நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

"நஸீப் என்னவென்று அல்லாஹ் அறிவான். அது மாதிரித் தேர்வின் மதிப்பெண் தாளில் எழுதியிருக்காது. எந்தக் கேள்வி ஏன் தவறியது என்பதுதான் அந்தத் தாளில் இருக்கும். அதைப் பார்த்தீர்களா?" என்று நாம் கேட்டோம்.

அவர் பார்க்கவில்லை. விசாரித்தபோது மகளும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்த உடனேயே தாளை மூடி வைத்துவிட்டாள். நம் வீடுகள் பலவற்றிலும் இதுதான் நடக்கிறது. தவறு எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று சில விவரங்களை இங்கே தருகிறோம்.

தேர்வு எப்படிப்பட்டது?

நாட்டில் 20-க்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்தாண்டு சட்டப்படிப்பில் சேர கிளாட் எனும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் இந்தத் தேர்வின் வழியாகவே மாணவர்களைச் சேர்க்கிறது. டெல்லியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்ற தனித் தேர்வை நடத்துகிறது.

கிளாட் 2008-ல் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாகத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. இப்போது இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும், சட்டம் சார்ந்த பகுத்தறிதல், தர்க்கம், அடிப்படைக் கணக்கு என ஐந்து பகுதிகள். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும். எழுதுவதற்கு உச்ச வயது வரம்பு இல்லை.

2020 முதல் கேள்வித்தாளின் அமைப்பு மாறிவிட்டது. ஒரு வரிக் கேள்விகள் போய்விட்டன. சுமார் 450 சொற்கள் கொண்ட ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து வரிசையாகக் கேள்விகள் கேட்கிறார்கள். ஆகவே மனப்பாடத்தைவிட வேகமாகவும் கவனமாகவும் வாசிக்கும் பழக்கமே இங்கு அதிகம் உதவும்.

மதிப்பெண் ஏன் இறங்குகிறது?

பள்ளியில் 90 விழுக்காடு எடுத்த பிள்ளை, முதல் மாதிரித் தேர்வில் 120-க்கு 40 எடுத்துவிட்டு அழுவதை நாம் பார்த்திருக்கிறோம். பள்ளித் தேர்வு படித்ததைக் கேட்கும். இந்தத் தேர்வு இதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து, அதை எப்படி வாசிக்கிறாய் என்று பார்க்கும். இரண்டும் வேறு வேறு திறமைகள். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பு வேகமும் சேர்ந்து தடையாகிறது. அறிவு குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை நேரம் வைத்து வாசித்து, அதன் கருத்தை மூன்று வரியில் சொல்லிப் பழகினால் சில மாதங்களில் வேகம் கூடும். நடப்பு நிகழ்வுகளுக்கும் அதுவே தயாரிப்பாகிவிடும்.

இன்னொரு காரணம், தெரியாத கேள்விகளுக்கும் அடித்துவிடுவது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு மாணவி 95 கேள்விகளுக்கு விடையளித்து 76 சரி, 19 தவறு என்றால் அவளுக்குக் கிடைப்பது 71.25. அவளே பதற்றத்தில் மேலும் 15 கேள்விகளைத் தொட்டு, அதில் 2 சரி, 13 தவறு என்றால் மொத்தம் 70 ஆகிறது. அதிகம் எழுதியும் மதிப்பெண் குறைந்துவிட்டது. நான்கு விடைகளில் இரண்டையாவது தவறு என்று உறுதியாக நீக்க முடிந்தால் மட்டும் மீதியில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஒன்றுமே தெரியாத கேள்விக்கு நேரத்தைச் செலவழிக்காமல் கடந்து போவது நல்லது.

மேலும், எல்லா மாதிரித் தேர்வுகளும் ஒரே கடினத்தில் இருப்பதில்லை. ஒரு தேர்வின் மதிப்பெண்ணை வைத்து முன்னேற்றத்தை அளக்கக் கூடாது. நான்கைந்து தேர்வுகளின் சராசரியைப் பாருங்கள்.

பென்சில் குறி

ஹிஃப்ழு மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது தெரியும். மாணவர் பாடம் கொடுக்கும்போது தடுமாறும் இடத்தில் உஸ்தாத் பென்சிலால் ஒரு குறி போடுவார். மறுநாள் பாடம் அந்தக் குறியிலிருந்துதான் தொடங்கும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று குறிகள் விழுந்தால், அங்கேதான் அதிகம் உழைக்க வேண்டும் என்று மாணவருக்குப் புரியும். குறி விழுந்ததற்காக யாரும் ஓதுவதை நிறுத்திவிடுவதில்லை.

நுழைவுத் தேர்வுத் தயாரிப்புக்கும் இதே முறை பொருந்தும். இரண்டு மணி நேரம் மாதிரித் தேர்வு எழுதினால், அதைத் திருப்பிப் பார்க்கக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு நோட்டில் தவறிய கேள்விகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதலாம்.

1. விஷயமே தெரியாததால் தவறியது. இதற்கு மருந்து படிப்பு.
2. பத்தியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் தவறியது. இதற்கு மருந்து நிதானமான வாசிப்பு.
3. தெரிந்தும் அவசரத்தில் தவறியது. இதற்கு நேரத்தைப் பங்கிட்டுப் பழக வேண்டும்.

நாம் மேலே சொன்ன அந்த மாணவி இந்த நோட்டைத் தொடங்கினாள். மூன்று தேர்வுகள் முடிந்தபோது அவளுடைய தவறுகளில் பாதிக்கு மேல் இரண்டாம் வகையில் இருந்தன. அதுவரை அவள் தினமும் பொது அறிவு வினா விடைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்று இருந்திருக்கிறது.

சட்டப் பகுதியும் கியாஸும்

சட்டப் பகுதியில் பல பிள்ளைகள் சறுக்குவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பத்தியில் கொடுத்த விதியை விட்டுவிட்டு, வெளியில் படித்த சட்டத்தை வைத்து விடை எழுதுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் வைத்திருப்பவர், அது வெளியேறி ஏற்படுத்தும் சேதத்துக்குப் பொறுப்பு என்பது 1868-ல் இங்கிலாந்தில் உறுதியான விதி. இயற்கைச் சீற்றம் போன்ற சில விலக்குகள் அதற்கு உண்டு. நம் உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில், அபாயகரமான தொழில் நடத்துபவருக்கு அந்த விலக்குகள் கிடையாது என்று சொன்னது. பத்தியில் பழைய விதி விலக்குகளோடு கொடுக்கப்பட்டிருந்தால் அதைத்தான் பொருத்த வேண்டும். புதிய தீர்ப்பைப் படித்த மாணவர் விலக்கே இல்லை என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பார்.

மதரஸாவில் ஃபிக்ஹு படிக்கும்போது கியாஸ் என்று ஒரு பாடம் வரும். மதுவுக்குத் தடை இருக்கிறது, தடைக்கான காரணம் போதை. பெயர் சொல்லப்படாத ஒரு புதிய பானம் வந்தால் அதில் அந்தக் காரணம் இருக்கிறதா என்று பார்த்துச் சட்டம் சொல்வார்கள். விதி எது, அதன் காரணம் எது, நம் முன் உள்ள நிகழ்வில் அது இருக்கிறதா என்ற மூன்று கேள்விகள். கிளாட் சட்டப் பகுதிக்கும் இந்த வரிசையே போதும். மக்தபிலோ மதரஸாவிலோ இதைக் கேட்டுப் பழகிய நம் பிள்ளைகள் சட்டப் பகுதியைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

நம் கையில் இல்லாத தடைகள்

சில பின்னடைவுகளுக்கு மாணவர் காரணமே இல்லை. 2020 மே மாதம் நடக்க வேண்டிய கிளாட், கொரோனா காரணமாகப் பலமுறை தள்ளிப்போய் செப்டம்பர் 28 அன்றுதான் நடந்தது. இடையில் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தனியாக ஒரு தேர்வு நடத்தியது. அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தேர்வை எழுதியவர்கள் ஒரு வாரத்தில் மீண்டும் கிளாட் எழுத வேண்டியதாயிற்று.

2024 டிசம்பர் 1 அன்று நடந்த தேர்வில் விடைக்குறிப்பிலேயே பிழை இருப்பதாக மாணவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். இரண்டு கேள்விகளின் விடை தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் அதே மாதம் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம்தான் முடிவுக்கு வந்தது. அதுவரை பிள்ளைகள் ஐந்து மாதங்கள் காத்திருந்தார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் அதை உங்கள் விடைகளோடு ஒப்பிடுங்கள். பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் குறித்த நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சட்டம் படிக்க வருபவருக்கு அதுவே முதல் வழக்கு. அடுத்தது, காத்திருக்கும் மாதங்களில் பிளஸ் டூ பொதுத்தேர்வைக் கைவிட்டுவிடாதீர்கள். கிளாட் டிசம்பரில், பொதுத்தேர்வு மார்ச்சில். கிளாட் சரியாக அமையாத துக்கத்தில் பொதுத்தேர்வையும் இழந்தவர்கள் உண்டு. அந்த மதிப்பெண்தான் அடுத்த கதவைத் திறக்கும்.

அடுத்த கதவுகள்

கிளாட்டில் இடம் கிடைக்காவிட்டால் வக்கீல் ஆக முடியாது என்று நினைப்பது தவறு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதன் கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளும் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர்க்கின்றன. நுழைவுத் தேர்வு இல்லை. மாநில இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டத்தின்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடும் உண்டு. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேசியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் இருக்கும். அரசு சட்டக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு.

ஏதாவது ஒரு பட்டப்படிப்பை முடித்துவிட்டு மூன்றாண்டு சட்டப்படிப்பும் படிக்கலாம். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், முதுகலைக்கான கிளாட் எழுதி அதே தேசியப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். சேரவும் வழி இருக்கிறது.

நாட்டின் முதல் தேசிய சட்டப் பள்ளி பெங்களூரில் வகுப்புகளைத் தொடங்கியது 1988-ல்தான். அதற்கு வெகு காலம் முன்பே நாகூரில் பிறந்த மு.மு. இஸ்மாயில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார். 1950-ல் கேரளத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்த ஃபாத்திமா பீவி, 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னர் நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். பெண் பிள்ளைக்கு எதற்குச் சட்டம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பெயரே போதும்.

வீட்டில் என்ன பேசுகிறோம்?

மதிப்பெண் வந்த இரவு, "மாமா மகன் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "எங்கே தவறியது, நாளைக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். இன்னும் ஓர் ஆண்டு தயார் செய்வதா வேண்டாமா என்பதைத் தோல்வி வந்த அன்றே முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். தவறு நோட்டில் குறிகள் குறைந்துகொண்டே வந்திருந்தால் மீண்டும் முயலலாம். குறையவே இல்லையென்றால் அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு முடிவெடுங்கள்.

பிள்ளை பல நாட்களாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு முறை சொன்னாலும் தாமதிக்காதீர்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் எந்த நேரமும் பேசலாம். இது ஈமான் குறைவு அல்ல. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போலத்தான். துஆவும் செய்வோம், மருந்தும் எடுப்போம்.

தவக்குல் என்பது நம்மால் முடிந்ததைச் செய்துவிட்டு முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. செய்ய வேண்டியது பாதியில் இருக்கும்போது நஸீப் என்று சொல்லி எழுந்துவிடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அந்தத் தந்தை இப்போதும் ஜும்ஆவில் நம்மைப் பார்க்கிறார். மார்க் எவ்வளவு என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. "ஹஜ்ரத், இந்த வாரம் ரெண்டாம் வகையில நாலு குறைஞ்சிருக்கு" என்று போன வாரம் சொன்னார். டிசம்பரில் என்ன முடிவு வந்தாலும் அந்தப் பெண் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இன்ஷா அல்லாஹ், எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும் அது அவளுக்கு உதவும்.