மடிக்கணினி நினைவகம்: தரமுயர்த்தலும் வேக எல்லையும் (ஊவாத் தோட்டப்பகுதி)

மடிக்கணினி நினைவகம் என்பது, மின்சாரம் உள்ளவரை மட்டும் தகவலைத் தாங்கி நிற்கும் செயல்நினைவகம். பேச்சுவழக்கில் ரேம். திறந்திருக்கும் பாடக்கோப்பும் இணைய உலாவியும் இதில்தான் தங்குகின்றன. பழைய ரேமைக் கழற்றிப் பெரியதைப் போடுவதும், வெறுமையாக உள்ள செருகுவாயில் இன்னொன்றைச் சேர்ப்பதும் தரமுயர்த்தல் எனப்படும். பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களில் அண்ணன் படித்த மடிக்கணினியே தங்கைக்கும் வந்துசேரும் வீடுகள் பல. அவ்வீடுகளுக்கு இது ஆடம்பரம் அன்று, தேவை.

தோற்றம்

கணினியின் வரலாற்றில் தேயிலைக்கும் ஓர் இடம் உண்டு. தோட்டப் பிள்ளைகள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. வணிக வேலைக்கென்றே உலகில் முதலில் இயங்கிய கணினி லியோ. அதைக் கட்டியது பல்கலைக்கழகமும் அன்று, படைத்துறையும் அன்று. இங்கிலாந்தில் தேயிலை விற்று, தேநீர்க் கடைகள் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம். 1947இல் அதன் அலுவலர்களான ரேமண்ட் தாம்சனும் ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டும் அமெரிக்கா சென்று புதிய கணிப்பொறிகளைப் பார்த்து வந்தனர். அதன்பின், கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் உருவாக்கிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்கு நிறுவனம் பணம் கொடுத்து உதவியது. எட்சாக்கின் அமைப்பைத் தழுவித் தனக்கும் ஒன்றைச் செய்துகொண்டது. பொறியியலை ஜான் பிங்கர்டன் கவனித்தார். 1951இல் பேக்கரிக் கணக்கோடு வேலை தொடங்கிய லியோ, பின்னர் சம்பளப் பட்டியலையும் தேயிலைக் கலவைக் கணக்கையும் ஏற்றது.

லியோவின் நினைவகம் பாதரசம் நிரப்பிய 64 குழாய்கள். குழாயின் ஒரு முனையில் ஒலித்துடிப்பாக நுழையும் இலக்கம், மறுமுனை சேர்ந்ததும் மீண்டும் முதல் முனைக்கே அனுப்பப்படும். அப்படி ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதுதான் நினைவில் இருப்பது. 35 பிட் நீளமுள்ள 2,048 சொற்கள் அதில் அடங்கின. இன்றைய கணக்கில் 9 கிலோபைட்டுக்கும் குறைவு. பாதரசத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,450 மீட்டர்தான் செல்லும். வேண்டிய இலக்கம் குழாயின் நடுவே இருந்தால், அது முனைக்கு வரும்வரை கணினி வேலையின்றி நிற்கும். நினைவகத்துக்காகக் கணினி காத்துக் கிடப்பது அன்றே தொடங்கிவிட்டது.

இன்றைய ரேமின் மூலக்கருத்து ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்ட்டுடையது. ஒரு பிட்டை வைத்திருக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்று 1966இல் அவர் கண்டார். 1968இல் காப்புரிமை கிடைத்தது. 1970இல் வந்த இன்டெல் 1103 சில்லு 1,024 பிட் கொண்டது. மின்தேக்கியில் ஏற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லிநொடிக்கு ஒருமுறையேனும் அதைப் படித்துத் திரும்ப எழுத வேண்டும். மின்சாரம் நின்றதும் சேமிக்காத கட்டுரை போய்விடுவது இதனால்தான்.

வகைப்பாடு

மடிக்கணினிக்கான ரேம் பலகை சோடிம் எனப்படும். நீளம் தலைமுறையைப் பொறுத்து 67.6 அல்லது 69.6 மில்லிமீட்டர், மேசைக்கணினிப் பலகையில் ஏறக்குறையப் பாதி. ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பு வகுத்த தலைமுறைகளே இதன் வகைகள்.

முதல் டிடிஆர் 2000ஆம் ஆண்டுத் தரம்: 2.5 வோல்ட், 200 முனை. டிடிஆர்2 (2003) 1.8 வோல்ட்டுக்கு இறங்கியது. முனைகள் அதே 200, ஆயினும் வெட்டுப்பள்ளம் சற்றுத் தள்ளியிருப்பதால் ஒன்றின் வாயில் மற்றது உட்காராது. டிடிஆர்3 (2007) 204 முனை, 1.5 வோல்ட். அதன் சிக்கன வடிவமான டிடிஆர்3எல் 1.35 வோல்ட். டிடிஆர்4 (2012) 260 முனை, 1.2 வோல்ட். டிடிஆர்5 (2020) 262 முனை, 1.1 வோல்ட். ஒரு தலைமுறைப் பலகையை இன்னொரு தலைமுறையின் வாயில் அழுத்திப் பொருத்த முயன்றால் உடைவது தாய்ப்பலகை.

இவற்றில் வாங்குவோரை அதிகம் ஏமாற்றுவது டிடிஆர்3, டிடிஆர்3எல் இரட்டையர்தாம். பள்ளம் ஒன்று, முனை ஒன்று, உருவமும் ஒன்று. ஆனால் இன்டெல் 4ஆம் தலைமுறை மடிக்கணினிகள் 1.35 வோல்ட் பலகையைத்தான் கேட்கும், 1.5 வோல்ட் பலகையைப் போட்டால் பெரும்பாலும் திரை இருண்டே கிடக்கும். பலகையில் ஒட்டிய சீட்டைப் படிக்கத் தெரிந்தால் இந்த இழப்பு நேராது. 'பிசி3எல்-12800எஸ்' என்று சீட்டில் இருந்தால், 3 என்பது தலைமுறை, எல் என்பது குறைந்த மின்னழுத்தம், எஸ் என்பது சோடிம். 12800 என்பது நொடிக்கு மெகாபைட். நொடிக்கு 160 கோடி முறை, முறைக்கு 8 பைட். பெருக்கினால் அந்த எண் வரும். எல் இல்லாமல் 'பிசி3-12800எஸ்' என்று இருந்தால் அது 1.5 வோல்ட்.

வேக எல்லை

சீட்டிலுள்ள வேகம் அந்தப் பலகையால் இயன்றது; கிடைக்கப்போவது அதுவாக இருக்க வேண்டியதில்லை. நினைவகக் கட்டுப்படுத்தி இப்போது செயலிக்குள்ளேயே இருப்பதால், செயலி ஒப்புக்கொள்ளும் வேகமே உச்சம். இன்டெல் 2ஆம் தலைமுறை ஐ3 மடிக்கணினியில் 1600 (நொடிக்கு 160 கோடி முறை) பலகையைப் போட்டால் அது 1333இல் ஓடும். 8ஆம் தலைமுறை யு வரிசையில் 3200 பலகை 2400இல் ஓடும். வேகம் வேறுபட்ட இரண்டை ஒன்றாகப் போட்டால் இரண்டுமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். இரயிலும் இப்படித்தான்: கொழும்பிலிருந்து பதுளைக்குப் பாதை ஏறத்தாழ 290 கிலோமீட்டர்; பயணம் 10 மணித்தியாலம் அளவில். வலிய எஞ்சினைப் பூட்டினாலும் தெமோதரை வளைவில் பாதை விடும் வேகத்தில்தான் வண்டி வரும்.

இன்னோர் எல்லை பலரும் அறியாதது. டிடிஆர்-400 பலகையில், கேட்ட தகவலின் முதற்பகுதி வெளிவர 3 கடிகாரச் சுற்று, அதாவது 15 நானோநொடி. டிடிஆர்4-3200 பலகையில் 22 சுற்று, அதாவது 13.75 நானோநொடி. இடைப்பட்ட காலத்தில் தகவல் பாயும் அளவு எட்டு மடங்கானது. காத்திருக்கும் நேரமோ ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. செயலி வேகமாகிக்கொண்டே போக நினைவகம் பின்தங்கும் இந்த இடைவெளியை வுல்ஃப், மெக்கீ என்னும் ஆய்வாளர்கள் 1995இல் 'நினைவகச் சுவர்' என்று பெயரிட்டு எழுதினர்.

ஆகவே வீட்டு மடிக்கணினிக்கு வேக எண் இரண்டாம் பட்சம், கொள்ளளவே முதன்மை. ரேம் நிரம்பியதும் கணினி மிஞ்சியதை வன்தட்டில் இறக்கி வைத்து, வேண்டும்போது திரும்ப ஏற்றும். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தொட்டி நிறைந்துவிட்டால் மிச்சக் கொழுந்து சாக்கோடு வெளியே கிடக்க நேர்வது போன்றது இது. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் வன்தட்டில் உரிய இடம் ஊசியின் கீழ் வரவே சராசரி 5.5 மில்லிநொடி ஆகும். ரேமோடு ஒப்பிட்டால் 50,000 மடங்குக்கு மேல். 4 கிகாபைட்டை 8 ஆக்கினால் இந்த இறக்கியேற்றும் வேலை பெருமளவு நின்றுபோகும். அதன்பிறகும் மெதுவாக இருந்தால் வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் தட்டில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி போட வேண்டும். மேலும் மேலும் ரேம் சேர்ப்பது வீண்செலவு. 32 பிட் இயங்குதளம் நிறுவப்பட்ட கணினியிலும் அப்படித்தான்: விண்டோஸின் வீட்டுப் பதிப்புகளில் அதன் எல்லை 4 கிகாபைட், 8 போட்டாலும் பாதி பயன்படாது.

ஊவாவில்

 தோட்ட வீடுகளில் மடிக்கணினியின் தேவையைக் கூட்டியது 2020, 2021 ஆண்டுகளின் பாடசாலை மூடலே. ஊவாவின் பொஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் இணைய வகுப்புக்கு அலைபேசிச் சமிக்ஞை தேடிக் காட்டுவழியே நடந்தது அக்காலத்தில்தான். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வந்தது. அன்று புதிய மடிக்கணினி ஒன்று அதில் நூறு நாள் உழைப்பையும் தாண்டிய விலை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாவை ஒட்டி இருந்த நாணயம், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குச் சரிந்தது. இறக்குமதிப் பொருளான கணினியின் விலையும் கூடவே ஏறியது. பழையதைப் பிழைக்க வைப்பதே வழி என்றானது.

பலகையை மாற்றும் வேலை கால் மணி நேரத்துக்குள் முடியும். மின்வடத்தைப் பிடுங்கி, மின்கலத்தை விடுவித்து, இயக்கப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இரு பக்கக் கொக்கிகளையும் வெளிப்புறம் நெம்பினால் பழைய பலகை தானாக மேலெழும். புதியதைச் சாய்வாக, ஏறத்தாழ 30 பாகையில், பொன்முனை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ளே தள்ளிப் பின் கீழே அழுத்தினால் 'டிக்' என்று இரு பக்கமும் பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் கணினி எழாது.

பருவமும் பார்க்கத் தக்கது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் அந்த வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் ஈரப்பதம் இறங்கி, உடலில் நிலைமின்னூட்டம் எளிதில் சேரும். கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, சுவரோடு பொருந்திய இரும்பு யன்னல் கம்பியை ஒருதரம் தொட்ட பின்னரே பலகையைக் கையில் எடுக்க வேண்டும். எடுக்கும்போதும் விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். மாரியில் நிலைமை மாறி, ஈரத்தால் முனைகளில் படலம் படியும். மெல்லிய அழிரப்பரால் ஒரே திசையில் தேய்த்துத் துகளைத் துடைத்தாலே பழைய பலகை பல தடவை மீண்டும் வேலைசெய்யும்.

இன்றைய நிலை

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது; இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முற்பட்டவை பெரும்பாலும் விண்டோஸ் 11இன் நிபந்தனைக்கு உட்படாததால், அவற்றில் சில லினக்ஸுக்கு மாறி வாழ்கின்றன. புதிய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு ஈயம் வைத்து ஒட்டி, உடைமையாளரின் கையைக் கட்டிவிடுகின்றனர். இதற்கு மாறாக, திருகாணியால் பொருத்திக் கழற்றக்கூடிய கேம்2 என்னும் தரத்தை ஜெடெக் 2023 டிசம்பரில் வெளியிட்டது.