கல்லுக்குள் எவ்வளவு இடம்? காங்கேசன்துறை முதல் மன்னார்க் கடல் வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஆயினும் பல தலைமுறைகளாக அங்கே தோட்டங்கள் செழித்தன. வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. காரணம் நிலத்தடியில் உள்ள சுண்ணக்கல். மயோசின் காலத்துக் கடலடியில் படிந்த அந்தக் கல் மழைநீரை வாங்கித் தன் துளைகளில் வைத்திருக்கிறது. கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவது அதனால்தான்.

அதே கல்லைக் காங்கேசன்துறை வேறொரு தேவைக்கு அகழ்ந்தது. 1950இல் இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு அது மூலப்பொருள். 1990இல் போர் அந்த ஆலையை மூட வைத்தது. சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்களையும் இடம்பெயர வைத்தது. சீமெந்துக்காரருக்குக் கல்லின் எடை முக்கியம். கிணறு வெட்டுபவருக்கு அக்கல்லின் வெற்றிடம் முக்கியம். எண்ணெய் தேடுபவருக்கும் அந்த வெற்றிடமே முக்கியம்.

பாறையின் மொத்தக் கன அளவில் துளைகளின் பங்கைத் துளைமை என்கிறோம். ஆனால் எல்லாத் துளையும் பயன்படாது. ஒன்றோடொன்று இணைந்து நீரையோ எண்ணெயையோ வாயுவையோ நகரவிடும் துளைகளின் பங்கே பயனுறு துளைமை. பூட்டிக் கிடக்கும் அறையும் வீட்டின் பரப்பில் சேரும், குடியிருக்க உதவாது. களிமண் கலந்த பாறையில் இந்த வேறுபாடு பெரிது. களிமண் துகள்கள் நீரை இறுகப் பற்றிக்கொள்வதால், கருவி அதையும் துளையாகக் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

இந்தச் சிக்கலை அறிந்துகொள்ள உலகுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1927இல் பிரான்சின் பெஷெல்புரோன் எண்ணெய் வயலில், சுலும்பெர்ஜே சகோதரர்களின் நிறுவனத்தினர் துளைக்கிணறு ஒன்றினுள் மின்தடையை முதன்முதலாக அளந்து பதிந்தார்கள். 1942இல் அமெரிக்கரான ஆர்ச்சி, மின்தடையையும் துளைமையையும் கொண்டு பாறைத் துளைகளில் நீரின் பங்கைக் கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டார். அது களிமண் இல்லாத தூய மணற்கல்லுக்குப் பொருந்தியது. களிமண்ணோ தானே மின்சாரத்தைக் கடத்தும். அதனால் எண்ணெய் இருக்கும் பாறையும் நீர் நிறைந்ததுபோல் தோன்றும். 1963இல் சிமாந்து, 1968இல் வாக்ஸ்மன், ஸ்மிட்ஸ் ஆகியோர் தந்த திருத்தங்கள் இந்தக் குறையை ஈடுசெய்ய முயன்றவை.

அடுத்த பத்தாண்டில் இந்த அறிவு நம் கடலுக்கும் வந்தது. தமிழ்நாட்டின் காவிரிப் படுகை பாக்குநீரிணையின் கீழும் நீள்கிறது. 1970களில் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகள் தோண்டப்பட்டன. பின்னர் வெளிநாட்டு நிறுவனங்கள் பாக்குநீரிணையில் துளையிட்டன. வணிகத்துக்கு உதவும் எண்ணெய் கிட்டவில்லை. 2011இல் மன்னார்ப் படுகையின் ஆழ்கடலில் கெய்ர்ன் நிறுவனம் டொராடோ, பராகுடா என்னும் இரு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. ஆனால் உற்பத்தி தொடங்கவில்லை, அந்நிறுவனமும் வெளியேறிவிட்டது.

இத்தகைய கிணற்றின் பதிவுகளை இன்று கணினி மென்பொருளில் ஏற்றுகிறார்கள். அது செய்யும் கணக்கு எளியது. மணற்கல்லின் திண்ம அடர்த்தி 2.65, துளையிலுள்ள நீரின் அடர்த்தி 1, கருவி காட்டும் அடர்த்தி 2.32 என வைத்துக்கொள்வோம். 2.65இலிருந்து 2.32ஐக் கழித்து 1.65ஆல் வகுத்தால் 0.20. அதாவது துளைமை 20 சதவீதம். அடுத்தது களிமண்ணின் பங்கு. களிமண் இயற்கையான கதிர்வீச்சை அதிகம் வெளியிடும். தூய மணலில் 30, முழுக் களிப்பாறையில் 130, நாம் ஆராயும் பாறையில் 60 என்று காமாக் கருவி காட்டினால், நேர்விகிதப்படி களிமண்ணின் பங்கு 0.30. களிப்பாறை தானே 0.10 துளைமை காட்டுமானால், 0.30ஐ 0.10ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். எஞ்சும் பயனுறு துளைமை 17 சதவீதம்.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். நேர்விகிதம் களிமண்ணை மிகையாகக் காட்டக்கூடும் என்பதால், சோவியத் அறிஞர் லாரியோனொவ் 1969இல் வேறு இரு சூத்திரங்கள் தந்தார். ஒன்று இளம் பாறைகளுக்கு, மற்றது மூத்த பாறைகளுக்கு. அதே 60 என்னும் அளவுக்கு, மூத்த பாறையின் சூத்திரம் களிமண்ணை 0.17 என்கிறது, இளம் பாறையின் சூத்திரம் 0.10க்கும் குறைவு என்கிறது. பயனுறு துளைமை முதலாவதில் ஏறக்குறைய 18, இரண்டாவதில் 19. ஒரே கிணறு, ஒரே பதிவு. விடையோ 17 முதல் 19 வரை. கையிருப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு கூடுவதும் குறைவதும் ஒரு பொத்தானைத் தேர்வதில் இருக்கிறது. பாறையின் வயதைத் தேர்ந்து சொல்ல வேண்டியவர் மனிதரே. நாட்டின் எரிவாயுக் கையிருப்பு என்று நாளிதழில் ஓர் எண் வரும்போது, எந்த அனுமானத்தில் பிறந்த எண் அது என்று கேட்கும் வழக்கம் நமக்கு வேண்டும்.

குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் சிக்கல் வேறு. அங்கே களிமண்ணைவிட, கரைந்து உண்டான பிளவுகளும் குகைகளும் கணக்கைக் குழப்புகின்றன. அந்தத் துளைகளில் தேங்கும் நன்னீர் கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் உண்டு என்பது கோட்பாடு. மேலே ஒரு மீற்றர் குறைந்தால் கீழே நாற்பதும் போகும். அந்த ஆழத்தில் உண்மையில் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதைப் பயனுறு துளைமையே தீர்மானிக்கிறது.

நீரை ஏற்கும் கல் நஞ்சையும் ஏற்கும். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் புகுந்த வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கப் பணித்தது. கல்லில் துளை இருந்ததால்தான் அவ்வூர் வாழ்ந்தது. கல்லில் துளை இருந்ததால்தான் அவ்வூரின் நீர் கெட்டது. கடலடியில் வாயு இருக்கிறதா என்று துல்லியமாக அளப்பதற்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையாவது குடிநீர் தரும் இந்தக் கல்லை அளப்பதிலும் காட்டினால், குடாநாட்டின் கிணறுகளுக்கு அதுவே பெரிய காவலாக அமையும்.