ஊன்றுகோலும் சிலம்பக் கோலும்

மதுரையின் மேற்கு வாயிலாக நிற்கிறது காளவாசல். செங்கலும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளைக்குத் தமிழிலே காளவாய் என்றும் காளவாசல் என்றும் பெயர். சூளையின் பெயரைத் தாங்கிய அந்த இடத்தில் இன்று நாம் காண்பது சூளைப் புகையை அல்ல, ஊர்திப் புகையை. புறவழிச்சாலையும் தேனிச் சாலையும் கூடுகின்ற சந்திப்பு அது. அங்கிருந்து மேற்கே நடந்தால் நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி என்று ஊர்கள் வரிசையாக வரும். அந்தச் சாலையின் இரு புறத்திலும் கம்பெடுத்து ஆடிய தலைமுறைகள் வாழ்ந்தன, வாழ்கின்றன.

அவர்களுள் இளைஞரைப் பற்றி இன்று நாம் பேசப் போவதில்லை. திரையிலே கம்பு சுழற்றும் நாயகன் என்றும் இளைஞனே. திருவிழாவிலே கைத்தட்டல் பெறுபவனும் இளைஞனே. அவனுக்குக் காலடி சொல்லிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தின் ஓரத்திலே துண்டைத் தோளில் போட்டு நிற்கிறாரே நரைத்த தலை ஆசான், அவரைப் பற்றியே பேச விரும்புகிறோம். மூங்கில் ஒன்றுதான். இருபது வயதில் அது சிலம்பக் கோல்; எழுபது வயதில் ஊன்றுகோல். இரண்டுக்கும் இடையிலே உள்ள ஐம்பது ஆண்டுகளை எந்த வரலாற்று நூல் எழுதியிருக்கிறது?

சிலம்பம் கற்றவர் அறிவர்: முதலில் வருவது கம்பு அல்ல, கால். ஆசான் முதலில் வணக்க வரிசை சொல்லித் தருவார். பிறகு காலடி வரிசை. எந்தக் காலை முன்னே வைப்பது, உடலின் பாரத்தை எப்போது மாற்றுவது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் கால் அறிந்த பிறகுதான் கையிலே கம்பு வரும். வீச்சு, தடுப்பு, தொடுமுறை ஆகியவை அதன் பின்னர். நெற்றி உயரத்துக்கு நறுக்கிய மூங்கிலை வளைவு நீக்கிப் பதப்படுத்தும் வேலையும் பாடத்திலே சேர்ந்ததுதான்.

முதுமை இந்தப் பாடத்தை எந்த வரிசையில் அழிக்கிறது என்று பாருங்கள். முதலில் போவது வேகம். அடுத்துப் போவது தோளின் வலிமை. கடைசி வரை நிற்பது காலடி. முதலில் கற்றது கடைசியில் போகிறது! இளமையில் பத்து வீச்சால் செய்ததை முதிய ஆசான் ஓர் அடி விலகிச் செய்துவிடுகிறார். எதிரியின் கம்பு எங்கே வரும் என்பதைக் கண் முன்பே அறிந்துகொள்வதால், கைக்கு வேலை குறைகிறது. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஆயிரம் முறை கண்டதை ஆயிரத்தோராம் முறை மூளை விரைந்து உணர்கிறது, அவ்வளவே.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1795 ஆம் ஆண்டில் சிவகங்கைச் சீமைக்கு ஓர் ஆங்கில இளைஞன் வந்தான். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். கும்பினிப் படையின் சிறு அதிகாரி. வயது ஏறத்தாழ இருபது. அவனுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்தவர் யார் தெரியுமா? நாற்பதைக் கடந்திருந்த சின்ன மருது! வந்தவன் அந்நியன் என்று அவர் ஒளிக்கவில்லை. ஆறே ஆண்டுகளில் காலம் புரண்டது. 1801 இல் கும்பினிப் படை மருதிருவர் மீது பாய்ந்தபோது அந்தப் படையிலே வெல்ஷும் இருந்தான். பெரிய மருதுவுக்கு அப்போது ஐம்பதுக்கு மேல். சின்ன மருது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்ட தன் ஆசானை மாணவன் கண்டான். அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலேற்றப்பட்டனர்.

இந்தச் செய்தி நமக்கு எப்படிக் கிடைத்தது? வெல்ஷ் முதியவனான பின் எழுதி, 1830 இல் இலண்டனில் வெளியிட்ட நினைவு நூலின் வாயிலாகக் கிடைத்தது! தன்னை வேட்டையாட வைத்த போரை நொந்துகொண்டும், ஆசானின் பண்பை வியந்தும் அவன் எழுதி வைத்தான். தமிழனின் வளரிப் பாடத்துக்குச் சான்று தேடினால், தமிழனைத் தூக்கிலிட்ட படையின் அதிகாரியிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆசானிடம் வித்தை இருந்தது. மாணவனிடம் எழுதுகோல் இருந்தது. வரலாறு எழுதுகோலின் பக்கம் நின்றது. இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இதனையே மீண்டும் சொல்ல இருக்கிறோம்.

போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், பாளையங்களின் கோட்டைகள் தகர்க்கப்படும், மக்கள் போர்க்கருவி ஏந்தலாகாது என்று அறிவிப்பு வெளியிட்டார். 1878 இல் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாதவன் கையில் வாளும் இல்லை, வேலும் இல்லை. மூங்கில் மட்டும் மிஞ்சியது. வயலுக்குப் போகிறவன் கையிலும், மாடு மேய்ப்பவன் கையிலும் இருக்கும் கம்பை எந்தச் சட்டத்தால் பறிக்க முடியும்?

கம்பைப் பறிக்க முடியாத ஆட்சி, இரவைப் பறித்தது. 1911 இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. காளவாசலிலிருந்து மேற்கே செல்லும் அதே சாலையை ஒட்டிய கீழக்குயில்குடியில் பிறமலைக் கள்ளர் மீது அச்சட்டம் 1914 இல் ஏவப்பட்டது. சில ஆண்டுகளில் மற்ற ஊர்களுக்கும் பரவியது. விரல் ரேகை பதிய வேண்டும். இரவிலே காவல் நிலையத்தில் ஆள் காட்ட வேண்டும். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வேண்டும். மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது துப்பாக்கி பேசியது. மாயக்காள் என்னும் பெண் உள்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அம்மக்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை ரோசாப்பூ துரை என்று அவர்கள் அன்போடு அழைத்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947 இல்தான் ஒழிந்தது.

எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் ஏர் பிடித்தவன், கல் சுமந்தவன் எப்போது கம்பெடுப்பான்? பொழுது சாய்ந்த பின்தான். ஊர்ப் பொட்டலில் நிலவொளியில்தான் ஆசானைச் சுற்றிப் பிள்ளைகள் கூடுவர். அந்த இரவையே காவல் நிலையத்தில் கழிக்கும்படி கட்டளையிட்டால் ஆசான் எங்கே, மாணவன் எங்கே? ஒரு கலையைக் கொல்லத் தடைச் சட்டம் தேவையில்லை. கற்பவனுக்கும் கற்பிப்பவனுக்கும் இடையே உள்ள மாலை நேரத்தைப் பறித்தாலே போதும்.

வெள்ளையன் மீது பழி சுமத்திவிட்டு நாம் கை கழுவிக்கொள்ளலாமா? கூடாது. நம் வீட்டுக் குப்பையையும் கூட்டுவோம்.

முதற் குற்றம், மறைப்பு. கடைசி வித்தையைச் சீடனுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் ஆசானுக்கு அழகு என்றொரு வழக்கம் நம்மிடையே உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு வித்தையைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றால், பத்துத் தலைமுறையில் மிஞ்சுவது எவ்வளவு? கணக்குத் தெரிந்த சிறுவனும் சொல்வான்.

இரண்டாவது குற்றம், கட்டுக்கதை. இக்கலையை ஆண்டவன் அருளினான், அகத்தியர் எழுதினார், இத்தனை ஆயிரம் ஆண்டுப் பழமை என்றெல்லாம் மேடைக்கு மேடை எண்ணிக்கையை ஏற்றுகிறோம். உழவனும் ஆயனும் தம்மையும் தம் ஆட்டையும் காத்துக்கொள்ளக் கண்ட கலை என்றால் அதன் பெருமை குறைந்துவிடுமா? உழைப்பாளியின் அறிவைப் பிடுங்கி முனிவனுக்குச் சூட்டுவதற்குப் பெயர் பெருமை அல்ல, திருட்டு.

மூன்றாவது குற்றம், சாதி. இந்தச் சாதிக்காரன்தான் வீரன், இவன் தொட்டால்தான் கம்பு நிமிரும் என்ற வெற்றுரை இன்னும் ஒழியவில்லை. கேரளத்தின் வடகரையில் இராகவன் என்பார் 1949 இல் கடத்தநாடன் களரிச் சங்கத்தைத் தொடங்கினார். தீயர் வகுப்பில் பிறந்தவர் என்பதால் களரி கற்க மறுக்கப்பட்டதே அதற்குக் காரணம் என்று அவர் குடும்பத்தார் கூறியுள்ளனர். அவர் அழுதுகொண்டு திரும்பவில்லை. எல்லார்க்கும் திறந்த களரியைத் தானே கட்டினார். அங்கே ஏழு வயதில் நுழைந்த சிறுமி மீனாட்சி பின்னர் அவரையே மணந்தார். அவர் மறைந்த பின் மீனாட்சி அம்மாள் அக்களரியின் ஆசானாக நின்று கற்பித்தார். எழுபதைக் கடந்த வயதில், 2017 இல், பத்மசிறீ விருது பெற்றார். சேலை கட்டிய அந்த மூதாட்டி கையில் வாளெடுத்து இளைஞரை எதிர்கொள்ளும் காட்சி, பெண்ணுக்கு வலிமை இல்லை என்போர்க்கும் முதுமைக்குப் பயன் இல்லை என்போர்க்கும் ஒரே விடையாக நிற்கிறது.

இனிக் கிழக்கே நோக்குவோம். சப்பானில் கானோ சிகோரோ என்ற இளைஞர் 1882 இல், பழைய மல்லர்களிடம் கற்றதை ஆராய்ந்து, உயிருக்கு ஊறு தருவதை நீக்கி, எஞ்சியதை வகை தொகை செய்து சூடோ என்ற பெயரில் கற்பித்தார். அதை அவர் மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் அது போட்டியாயிற்று. அவர் வழி வந்த மிபுனே கியூசோ 1883 இல் பிறந்தவர். அவருடைய ஆட்டத்தை 1955 இல் படமாக எடுத்தனர். எழுபதைக் கடந்த அந்தச் சிறிய உருவம், தன்னினும் பெரிய இளைஞர்களைச் சாய்ப்பதை இன்றும் உலகம் கண்டு கற்கிறது. நம் ஆசான்களில் எத்தனை பேரின் காலடியை நாம் அப்படிப் பதிந்து வைத்தோம்?

முதியவன் இன்னும் ஏன் ஆடவேண்டும் என்று கேட்பாரும் உளர். அறிவியல் விடை சொல்கிறது. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது; அறுபதுக்குப் பின் தேய்வு இன்னும் விரைகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து உயிர் இழக்கின்றனர். அவர்களுள் முதியோரே மிகுதி. அறுபத்தைந்தைக் கடந்தவர் வாரத்தில் 3 நாளேனும் வலுவும் சமநிலையும் தரும் பயிற்சி செய்யவேண்டும் என்று 2020 இல் அந்நிறுவனம் வழிகாட்டியது. உடற்பயிற்சி முதியோர் விழும் வீதத்தை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைக்கிறது என்றும், சீனத்துத் தைச்சி ஏறத்தாழ 19 விழுக்காடு குறைக்கக்கூடும் என்றும் 2019 இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. சீனர் தம் கலையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். நாமோ நம் கலையைத் திருவிழாவுக்கு மட்டுமே அனுப்பி மகிழ்கிறோம்.

பாரத்தைக் காலுக்குக் கால் மாற்றுவதும், திரும்பும்போது நிலை குலையாதிருப்பதும் அன்றோ சிலம்பக் காலடி! ஆயினும் உண்மையை மீறிப் பேசோம். கம்பு சுழற்றினால் நோயெல்லாம் ஓடும் என்பதும், வருமம் தட்டினால் எதுவும் நடக்கும் என்பதும் ஆய்வில் நிறுவப்படாத பேச்சுகள். முழங்கால் தேய்ந்தவர் தாவக் கூடாது. நெஞ்சு வலிப்பவர் மருத்துவரை நாடவேண்டும், மந்திரித்த எண்ணெயை அல்ல. தன் எல்லையை அறிந்து பயிற்சியைக் குறைத்துக்கொள்ளும் ஆசான் தோற்றவர் அல்லர். எதிரியை அளக்கும் கண்ணால் தன்னையும் அளந்தவர்.

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. மகிழ்கிறோம். பெண் பிள்ளைகள் கம்பெடுத்து நிற்பதைக் கண்டு இரட்டிப்பாக மகிழ்கிறோம். ஆனால் பதக்கம் பெற்ற பிள்ளைக்குப் பின்னால் ஓர் ஆசான் இருக்கிறார். பகலில் கூலி வேலையும் மாலையில் காசில்லாப் பாடமுமாக வாழ்ந்தவர் எத்தனை பேர்? ஊக்கப் பரிசு இளைஞனுக்கு. ஊன்றுகோல் மட்டும் ஆசானுக்கோ?

தோழர்களே, பெரிய வேலை எதையும் உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் ஊரிலே ஓர் ஆசான் இருப்பார். அடுத்த ஞாயிறு அவரிடம் செல்லுங்கள். ஒரு குறிப்பேட்டையும், உங்கள் சட்டைப் பையிலே இருக்கும் கைப்பேசியையும் கொண்டு செல்லுங்கள். அவர் காலடியைப் படம் பிடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார், எதை இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். சாதி கேட்காமல் சேர்க்கும் கூடமாக அவர் கூடத்தை ஆக்குங்கள். அவருக்கு உரிய ஊதியத்தைத் தானமாக அல்ல, கூலியாகவே கொடுங்கள்.

சின்ன மருதுவின் பாடத்தைப் பதிய ஒரு வெள்ளையன் வேண்டியிருந்தது. இன்றைய ஆசானின் பாடத்தைப் பதிய இன்னொரு நாட்டான் வரும்வரை காத்திருப்போமா? காளவாசலின் பழம்பொருள் பெயரில் மட்டும் மிஞ்சியதைப் போல, சிலம்பமும் பெயரில் மட்டும் மிஞ்சவேண்டுமா? ஆசானின் கை கம்பை விடுமுன், நம் கை எழுதுகோலைப் பிடிக்கட்டும்!